சரக்கு லாரிகள் சாலைக்கு உரிய விலையைக் கொடுக்கின்றனவா? ரயிலோடு ஒப்பிட்டு விளக்க முடியுமா?

ஈரோட்டுக் கணக்கர் (கேள்வி)

நான் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுக்கு வேண்டிய பருத்திப் பேல்கள் குஜராத்திலிருந்து லாரியில்தான் வருகின்றன. சென்ற வாரம் வாடகை உயர்வு பற்றிய பேச்சின்போது எங்கள் மேலாளர், ரயில்வே தன் தண்டவாளத்தைத் தானே போட்டுத் தானே பராமரிக்கிறது என்றும், லாரிக்கோ சாலையை அரசு போட்டுக் கொடுக்கிறது என்றும், அதனால்தான் 1951இல் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுமந்த ரயில் இன்று கால் பங்கை ஒட்டி நிற்கிறது என்றும் சொன்னார். எதிரில் இருந்த லாரி உரிமையாளரோ, டீசல் வரியும் சுங்கமும் கட்டியே தாம் தேய்ந்து போவதாகச் சொன்னார். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். எனில், கணக்கு எங்கே இடிக்கிறது?

சங்ககிரி லாரிக்காரர்

உங்கள் மேலாளர் ஒரு முறை எங்கள் வண்டியில் அகமதாபாத் வரை வந்து பார்க்கட்டும். 2020 மே மாதத்தில் டீசல் லிட்டருக்கு மத்தியக் கலால் வரி மட்டும் 31 ரூபாய் 83 காசாக இருந்தது. 2022இல் 15 ரூபாய் 80 காசாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது. பிறகு காலாண்டுச் சாலை வரி, நேஷனல் பர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய், காப்பீடு, எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று, வழி நெடுகச் சுங்கச்சாவடி என்று வரிசை நீளும். இவ்வளவும் கட்டிய பிறகு "இலவசச் சாலையில் ஓடுகிறாய்" என்று கேட்க நேர்ந்தால் வயிறு எரியாதா? ஆறு வழிச்சாலை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அகலம் கார்களுக்காக வந்தது.

ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்

இருவரும் மொத்தத் தொகையைப் பேசுகிறார்கள். பணம் எதன் அடிப்படையில் வாங்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சாலையைத் தேய்ப்பது வண்டியின் மொத்த எடையைவிட, இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒவ்வொரு அச்சின் வழியாகத் தரையில் இறங்கும் எடைதான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே தனியாகச் சாலைகள் அமைத்து, இராணுவ வீரர்களைக் கொண்டு இரண்டாண்டுகள் இடைவிடாமல் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு எடை இரட்டிப்பானால் தேய்மானம் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்ற நான்காம் படி விதி அந்தச் சோதனையிலிருந்து வந்தது. மண், மழை, தார் ஆகியவற்றைப் பொறுத்து அந்தப் படி கூடலாம், குறையலாம். ஆயினும் உலகெங்கும் சாலையின் கனத்தை வகுப்போர் அதைத் துணைக்கொள்கிறார்கள். நம் நாட்டில் சாலை அமைக்க நெறிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 37ஆம் நெறிமுறையும் இரட்டைச் சக்கர ஒற்றை அச்சுக்குச் சுமார் 8.16 டன் எடையை அளவுகோலாக வைத்து, அதே விதிப்படிதான் கணக்கிடுகிறது.

இப்போது 2018 ஜூலையில் வந்த மத்திய அரசின் அறிவிப்பைப் பாருங்கள். அத்தகைய அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. எடை கூடியது எட்டில் ஒரு பங்கு. தேய்மானமோ, அளவுகோல் அச்சைப் போல 2.4 மடங்காக இருந்தது 3.9 மடங்காகி, அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. பழைய எடைக்கு வகுத்துப் போட்ட சாலைகள் ஒரே இரவில் தடித்துவிடவில்லை.

இதற்கு ஏற்ப வரவு கூடியதா என்றால், இல்லை. 2008ஆம் ஆண்டின் சுங்கக் கட்டண விதிகளில் கிலோமீட்டருக்கு அடிப்படை விலை காருக்கு 65 காசு, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 காசு. நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு. ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப இவை ஏறினாலும் விகிதம் அதேதான். காரைவிட மூன்றரை மடங்குக்குக் குறைவாகவே இரண்டு அச்சு லாரி கட்டுகிறது. ஆனால் அரை டன் சுமக்கும் கார் அச்சோடு பத்து டன் சுமக்கும் லாரி அச்சை ஒப்பிட்டால், நான்காம் படி விதிப்படி வித்தியாசம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு! நிலம், பாலம், வடிகால் ஆகியவற்றின் செலவு எடையைப் பொறுத்ததல்ல என்பதால் அந்த விகிதத்தில் கட்டணம் கேட்பது அபத்தம். அகலம் காருக்கானது என்று சங்ககிரி நண்பர் சொல்வதும் பெரும்பாலும் சரியே.

எனக்கு உறுத்துவது வேறு. காலி வண்டியும் முழு லோடு வண்டியும் ஒரே சுங்கம் கட்டுகின்றன. கூடுதல் லோடு ஏற்றும் வண்டிக்கு டீசல் சற்றே அதிகம் பிடிக்கும், ஆனால் தேய்மானத்தின் வேகத்தில் அது ஏறாது. ஆகவே டன்னுக்கு வரி என்று வகுத்துப் பார்த்தால், சட்டப்படி ஏற்றுபவர் அதிகமாகவும் மீறி ஏற்றுபவர் குறைவாகவும் கட்டுகிறார்கள்.

பழைய கூட்ஸ் ஷெட் எழுத்தர்

ரயில் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்துதான் வருகிறது. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே மீட்கிறது என்று பயணச்சீட்டிலேயே அச்சிட்டுத் தந்தார்களே, அந்த மீதத்தைச் சுமப்பதில் நிலக்கரிக்கும் சிமென்டுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆகவே ரயிலில் போகும் ஒரு டன் சரக்கு தண்டவாளம், சிக்னல், கேட்மேன் சம்பளம் எல்லாவற்றோடும் முன்பின் தெரியாத பயணிக்கும் சேர்த்துக் கட்டுகிறது. லாரிச் சரக்குக்கு அப்படியொரு சுமை இல்லை.

ஆனால் "தானே போட்டுத் தானே பராமரிக்கிறது" என்பதை இன்று முழு உண்மையாக ஏற்க முடியாது. முன்பு ரயில்வே பொது நிதிக்கு ஈவுத்தொகை கட்டியது. ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்டோடு 2017இல் இணைத்தபோது அது நின்றது. 2023-24 பட்ஜெட்டில் ரயில்வேக்கு ஒதுக்கிய மூலதனம் 2.40 லட்சம் கோடி ரூபாய், இதுவும் வரிப்பணம்தான்.

மேலும், சரக்கு ரயிலை விட்டுப் போனதற்கு வாடகை மட்டும் காரணமன்று. ஒரு முழு ரேக்குக்கு, அதாவது ஒரே வண்டியாகக் கோத்த வேகன் தொடருக்கு, மூடிய வேகன்கள் நாற்பதுக்கு மேல். சிமென்டோ உரமோ ஏற்றினால் 2,500 டன் பிடிக்கும். உங்கள் ஆலைக்கு ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது பேல்தானே வேண்டும்? பெரிய நிறுவனமே ரேக் போட முடியும். போட்டாலும், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு லூப் லைன் என்ற பக்கத் தடத்தில் நிற்கும் நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஆலைக்கு மறுபடியும் லாரிதான். நாமக்கல் முட்டையைக் கேரளத்துக்கு ரேக்கில் அனுப்பச் சொன்னால் கோழிப்பண்ணைக்காரர் சிரிப்பார்.

ஈரோட்டுக் கணக்கர்

மிகவும் தெளிவாயிற்று. அச்சு எடையையும் ஓடிய தூரத்தையும் பார்த்துக் கட்டணம் வாங்கும் நாடு எதுவும் உண்டா?

ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர்

நியூசிலாந்தில் 1978 முதல் டீசல் வண்டிகளுக்கு அப்படித்தான். ஓடிய தூரம், எடை, அச்சுகளின் அமைப்பு மூன்றையும் சேர்த்துக் கட்டணம் வகுக்கிறார்கள். ஒரே எடையை அதிக அச்சுகளில் பரப்பினால் கட்டணம் குறையும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. நம்மிடமோ அச்சு கூடினால் சுங்கமும் கூடுகிறது. சுவிட்சர்லாந்து 2001இல் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் அனைத்துக்கும் கிலோமீட்டர் கட்டணம் விதித்து, அந்த வரவின் ஒரு பகுதியைக் கொண்டு ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் ரயில் சுரங்கங்கள் அமைத்தது. 28 டன்னாக இருந்த லாரி எடை வரம்பையும் அதே காலத்தில்தான் படிப்படியாக 40 டன்னுக்கு உயர்த்தினார்கள். எடையும் கட்டணமும் கைகோத்து ஏறின. நாம் 2018இல் எடையை மட்டும் ஏற்றினோம்.

சங்ககிரி லாரிக்காரர்

ஐயா சொல்வது ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எடை பார்த்துக் கட்டணம் வாங்கினால் ஒழுங்காக ஓட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதே. ஆனால் அதை டீசல் வரிக்குப் பதிலாக வாங்க வேண்டும், அதற்கு மேலாக அன்று. இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். சாலையில் பிடிபடுவது ஓட்டுநர். அவ்வளவு லோடை ஏற்றச் சொன்னவர் குவாரியிலோ ஆலையிலோ மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கல் குவாரியில் நான்கு டன் கூடுதலாக ஏற்ற மறுத்ததற்கு, அடுத்த மூன்று மாதம் எனக்கு லோடே தரவில்லை.

ஈரோட்டுக் கணக்கர்

இதைப் படித்துவிட்டு எங்கள் ஆலையின் கடந்த ஆண்டு எடைமேடைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் வந்த வண்டிகள் பதினேழு. எல்லாவற்றுக்கும் டன் கணக்கில் வாடகை கணக்கிட்டுக் காசோலை எழுதியவன் நான்தான். மேலாளரிடம் சீட்டுகளைக் காட்டியிருக்கிறேன்.