மனநல வார்டில் தங்கிச் சிகிச்சை எடுத்தவர்கள், உங்கள் அனுபவம்?

கொல்லங்கோட்டுப் பெண்:
ஒக்கி புயலுக்கு அடுத்த வருஷம் எங்கள் மைனிக்கு வலதுகை மடங்கிப் போனது. அவர் தம்பி 2017 நவம்பரில் கடலுக்குப் போனவன், வரவில்லை. ஸ்கேன், நரம்பு டெஸ்ட் எல்லாம் நார்மல். "சும்மா நடிக்கா" என்று சொந்தத்திலேயே பேச்சு. கடைசியில் மனநல வார்டில் ஐந்து வாரம் இருந்தோம், துணைக்கு நான். மாத்திரை கொஞ்சம்தான், பேச்சும் கைப்பயிற்சியும்தான் அதிகம். மூன்றாவது வாரம் ஒருநாள் சாயா டம்ளர் மேஜையிலிருந்து வழுக்கியது. மைனி சட்டென்று பிடித்தார், அந்தக் கையாலேயே. சாயா சூடு, விடவில்லை. அப்புறம் கையையே பார்த்துக்கொண்டு, "அப்போ நான் நடிச்சேனா பிள்ளே?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மாதான் சொன்னார்: கவனம் வேறெங்கோ போகும்போது கை இயங்குவது இந்த நோயின் அடையாளம், நடிப்பு இல்லை. இப்போது மீன் வெட்டுகிறார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

குலசேகரம் ரப்பர்காரன்:
வார்டில் சரியாவது பெரிய விஷயமில்லை தங்கச்சி. வீடுதானே பிரச்சினை? அப்பாவுக்கு வலிப்பு மாதிரி வரும். நாலு வருஷம் வலிப்பு மாத்திரை. வீடியோவோடு இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்த பிறகுதான் அது வலிப்பே இல்லை, மனசு சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது. ஒரு மாதம் வார்டில். ஒரு தடவைகூட வரவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வருகிறோம், முற்றத்தில் கடன்காரர் பைக் நிற்கிறது. அப்பா செருப்புகூடக் கழற்றவில்லை, விழுந்துவிட்டார். பிளாஸ்க் என் கையில் அப்படியே இருந்தது.

கருங்கல் நர்ஸ்:
நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். இங்கே மனமும் உடலும் சேர்ந்த நோய்களுக்கென்றே தனி மருத்துவத் துறை உண்டு, வாரக்கணக்கில் தங்க வைப்பார்கள். ரப்பர் அண்ணன் சொன்னதற்காகவே, கிளம்புவதற்கு முன் சனி ஞாயிறு வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். திங்களன்று, வீட்டில் எந்த நேரம் தாங்க முடியவில்லை என்பதுதான் பேச்சு. சேரும்போதும் கிளம்பும்போதும் அளந்தால் பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் சேராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் குறைவு. அதனால் வார்டுதான் குணமாக்கியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தக்கலை:
அக்காவை எட்டாம் நாளே கூட்டி வந்துவிட்டோம், அது தப்பு. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 2017 மனநலச் சட்டப்படி நோயாளி தானாகவே சேரலாம். அப்படிச் சேர்ந்தவர் போக வேண்டும் என்றால் விட வேண்டும்; அவசியமென்றால் 24 மணி நேரம் வரை நிறுத்தி மதிப்பிடலாம். உடம்பு நோய்க்குத் தருவது போலவே இதற்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, கம்பெனி மறுத்தால் எழுதிக் கேளுங்கள். சேரும் முன்பே கேளுங்கள்: பேச்சு சிகிச்சை வாரம் எத்தனை முறை, யார் தருவார்கள், வீட்டுக்காரர்களையும் உட்கார வைப்பார்களா. ராத்திரி தாங்க முடியாவிட்டால் அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொல்லங்கோட்டுப் பெண்:
ரப்பர் அண்ணே, வீட்டைப் பற்றிச் சொன்னது சரிதான். மைனி திரும்பி வந்த அன்று தம்பி படத்தை யாரோ அலமாரிக்குள் வைத்திருந்தார்கள், பார்த்தால் மனசு கெடும் என்று. மைனி ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார். வலதுகையால்.