கார் கண்ணாடிக்குப் பாதுகாப்பு ஃபிலிம்: ஒட்டலாமா, வேண்டாமா?

மேட்டூர்க்காரன்:
போன வாரம் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். இருபது நிமிடம்தான். வந்து பார்த்தால் பின்கதவுக் கண்ணாடி பொடிப்பொடியாகச் சீட் முழுக்கக் கிடக்கிறது, லேப்டாப் பையைக் காணோம். பக்கத்தில் நின்ற டிரைவர்களுக்குச் சத்தமே கேட்கவில்லையாம். கண்ணாடி மாற்றியாகிவிட்டது. இப்போது நான்கு கதவுக்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்று இருக்கிறேன். கடையில் 4 மில், 8 மில் தடிமன் என்று இரண்டு காட்டுகிறார்கள். எதை எடுக்கலாம்? போலீஸ் பிடிப்பார்களா?

கோவைப் பட்டறை:
சத்தம் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. ஸ்பார்க் பிளக்கில் உள்ள வெள்ளைப் பீங்கானை உடைத்து ஒரு சின்னத் துண்டை வீசினாலே கதவுக் கண்ணாடி கொட்டிவிடும். அது டெம்பர் செய்த கண்ணாடி. மேல்பரப்பு இறுக்கி அமுக்கப்பட்டிருக்கும், உள்ளே இழுவிசை தேங்கியிருக்கும். கூரான பீங்கான் மேல்பரப்பைத் தாண்டிக் கீறினால் போதும், தேங்கிய விசை மொத்தமும் ஒரே நொடியில் விடுபடுகிறது. முன்கண்ணாடி வேறு ரகம். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அதனால் விரிசல் விடும், கொட்டாது.

ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி உடையாது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அங்கே ஒட்டாதீர்கள். உடையத்தான் செய்யும். ஆனால் துண்டுகள் ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டு பாய் மாதிரி தொங்கும். கையை உள்ளே விட இன்னும் நாலைந்து அடி அடிக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் திருடன் பெரும்பாலும் அதற்கு நிற்க மாட்டான்.

1 மில் என்றால் சுமார் 25 மைக்ரான். சாதாரண சன் ஃபிலிம் ஒன்றரை, இரண்டு மில்தான் இருக்கும். ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடிக்கு நான் 4 மில்தான் சொல்வேன். 8 மில் வளைவில் சரியாகப் படியாது, ஓரம் ரப்பரில் உரசும்.

வேளச்சேரிவாசி:
நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் சென்னையில் கனமழையில் ஒரு சப்வேக்குள் எங்கள் கார் நின்றுவிட்டது. தண்ணீர் கதவில் பாதி. கதவைத் தள்ள முடியவில்லை, பவர் விண்டோ வேலை செய்யவில்லை. பின்சீட்டில் என் மகள். வெளியே இருந்து ஒருவர் கல்லால் பின்கதவுக் கண்ணாடியை உடைத்துத்தான் அவளை வெளியே தூக்கினார். ஒரே அடியில் கொட்டியதால் அவள் இன்று இருக்கிறாள்.

அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர் கண்ணாடியை நான்கு உடைத்தன. முன்கண்ணாடி மாதிரி நடுவில் பிளாஸ்டிக் வைத்து லேமினேட் செய்த கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. ஒரு லேப்டாப்புக்காக நான்கு கதவையும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கோவைப் பட்டறை:
சார், நீங்கள் பட்டது பெரிய கஷ்டம். ஆனால் லேமினேட் கண்ணாடியும் ஃபிலிம் ஒட்டிய டெம்பர் கண்ணாடியும் ஒன்றல்ல. ஃபிலிம் கண்ணாடியோடு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, கதவுச் சட்டத்தோடு அல்ல. டெம்பர் கண்ணாடி உடைந்ததும் விறைப்பு போய்விடும். காலால் உதைத்தால் விளிம்பிலிருந்து மொத்தமாகக் கழன்று வரும்.

வேளச்சேரிவாசி:
அப்படிக் கழன்று வரும் என்றால் திருடனும் அதே மாதிரி உள்ளே தள்ளுவான். அவனுக்குத் தாமதம் என்றால் காப்பாற்ற வருபவருக்கும் அதே தாமதம். இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் சொல்ல முடியும். உதைக்கும் பலம் ஏழு வயதுக் குழந்தைக்கு இல்லை. இன்னொன்று, உள்ளிருந்து அடித்தால் சுத்தியல் முனை முதலில் படுவது ஃபிலிமில்தான்.

கோவைப் பட்டறை:
தாமதம் இரண்டு பேருக்கும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் கார் எத்தனை நாள் தண்ணீரில் நிற்கிறது, எத்தனை நாள் தெருவில் நிற்கிறது?

வேளச்சேரிவாசி:
எனக்கு ஒரே நாள்தான் நின்றது.

அடையாறு வக்கீல்:
சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்கும் குழப்பம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஊடுருவல் இருந்தாலும் மேலே ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. அப்புறம் விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியும் ஏற்கப்படுகிறது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70/50 அளவு காக்கப்பட்டால் வண்டிக்காரரே ஃபிலிம் ஒட்டலாம், அபராதம் போட முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இங்கே மடக்கினால் அதைக் காட்டி வாதாடலாம், அவ்வளவுதான்.

கடையில் ஏமாறும் இடம் இது: 50 சதவீத ஃபிலிம் என்று விற்பார்கள். உங்கள் கண்ணாடி ஏற்கெனவே லேசான பச்சை, 75 சதவீதம்தான் விடுகிறது என்று வையுங்கள். 75இல் பாதி 37.5. சட்டப்படி தோல்வி. அளவு பார்ப்பது ஃபிலிமுக்கு மட்டும் அல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து. கலர் இல்லாத ஃபிலிம் மட்டுமே வாங்குங்கள்.

தூத்துக்குடி டாக்சி:
கலர் இல்லாதது புற ஊதாவைத் தடுக்கும், வெயில் சூடு பெரிதாகக் குறையாது. அதை நம்பி வாங்காதீர்கள். நான் முன்கதவுக்கு மட்டும் ஒட்டியிருக்கிறேன், திருடனுக்காக அல்ல. பக்கவாட்டில் ஒரு வேன் இடித்தபோது கண்ணாடித் துகள் கழுத்து, காது எல்லாம் புகுந்தது, ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் ஒட்டினால் ஃபாஸ்டேக் படிக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு முட்டி வலி, எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார். அவரால் எதையும் உதைக்க முடியாது. அதனால் பின்கதவு இரண்டையும் அப்படியே விடுகிறேன். முன்கதவுக்கு மட்டும் கலர் இல்லாத 4 மில். லேப்டாப் இனி என்னோடு மண்டபத்துக்குள் வரும்.

வேளச்சேரிவாசி:
சரியான முடிவு. ஒரு சுத்தியல் வாங்கி அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் அல்ல.

கோவைப் பட்டறை:
ஒட்டிய பிறகு ஒரு வாரம் கண்ணாடியை இறக்காதீர்கள் தம்பி. உள்ளே நீர்த்திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், கனமான ஃபிலிமில் அது காய ஒரு மாதம்கூட ஆகும். பில்லில் மைக்ரானும் ஊடுருவல் சதவீதமும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.