கைவிடா மாற்றம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவும் மறுமொழிகளும்

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

நம் காலநிலைச் சொற்பட்டியலில் ‘எனர்ஜி டிரான்சிஷன்’, ‘ஜஸ்ட் டிரான்சிஷன்’ என்ற இரண்டும் நெடுநாளாக முடிவு காணாமல் கிடக்கின்றன. நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பியிருக்கும் ஒரு நாடு கதிரவன், காற்று, நீர் ஆகியவற்றின் பக்கம் திரும்புவதை முதலாவது குறிக்கிறது. அப்படித் திரும்பும்போது பழைய தொழிலில் இருப்பவர்கள் நடுத்தெருவில் நிற்காமல் பார்த்துக்கொள்வதை இரண்டாவது குறிக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் புழங்கும் சொற்களாக இருந்தால் பொறுத்திருக்கலாம். இப்போது இவை இளைஞர்களின் பதாகைகளுக்கு வந்துவிட்டன. பதாகையைப் படித்தவர்கள் பதிலும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அண்மையில் சேலம் கோட்டை மைதானத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் கையால் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றில் ‘தூய எரிசக்தியே எதிர்காலம்’ என்றும் இன்னொன்றில் ‘நிலக்கரியை மூடு’ என்றும் இருந்தது; ‘மூடு’ என்பது மட்டும் சிவப்பில், மற்ற எழுத்துகளைவிட இரு மடங்கு பெரிதாக. பார்த்தவர்களில் பலர் “படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி தம் பேத்தியை நிறுத்தி ஒவ்வோர் அட்டையாகப் படித்துக்காட்டினார். மேட்டூர் பேருந்தைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர், ‘தெர்மலில்’, அதாவது அங்குள்ள அனல்மின் நிலையத்தில், ஒப்பந்தத் தொழிலாளி என்று பிறகு தெரிந்தது, அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டிக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, மூடுன்னு எழுதியிருக்கறீங்க. மூடினதுக்கப்புறம் நாங்க எங்கீங்க போறது?” மாணவரிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது ‘ஜஸ்ட் டிரான்சிஷன்’ என்றுதான் சொல்ல முடிந்தது. கேட்டவர் “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

‘படிக்கிற வயசுல எதுக்கு’ என்ற முதல் வகை எதிர்வினைக்கும் நம் சொற்பட்டியலுக்கும் தொடர்பு குறைவு. 2018 ஆகஸ்டில் சுவீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே பள்ளிக்குப் போகாமல் அமர்ந்த கிரெட்டா துன்பெர்க்குக்கு அப்போது வயது 15. அவருக்கும் ‘போய்ப் படி’ என்ற அறிவுரை பல திசைகளிலிருந்தும் வந்தது. சேலத்துக்கு இதில் கசப்பான நினைவு ஒன்று உண்டு. 2017 ஜூலையில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி ஒருவர் இவ்வூரில் கைதாகிக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. கரி எரிக்காமல் சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசியபோதோ நாடே பெருமைப்பட்டது. வண்டி செய்தால் பாராட்டு, அட்டை பிடித்தால் வழக்கு என்பது நம் வழக்கமாக இருக்கிறது. இத்தனைக்கும் கிளாஸ்கோ மேடையில் அந்த மாணவி பேசியதும் அட்டையில் இருப்பதைப் போன்ற கண்டிப்பான பேச்சுதான்.

இளைஞர்களை எப்படி அழைப்பது என்பதிலும் பிற மொழிகள் பட்ட பாடு நமக்குப் பாடம். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியில் ‘காலநிலை இளைஞர்’ என்று பொருள்படும் ‘கிளிமாயூகெண்ட்’ 2019-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்வாயிற்று. ஜெர்மனியில் ‘காலநிலைப் பயங்கரவாதிகள்’ என்று பொருள்படும் சொல் 2022-ஆம் ஆண்டின் தகாத சொல்லாக அறிவிக்கப்பட்டது. ‘போராளி’ என்றால் ஆயுதம் நினைவுக்கு வருகிறது. ‘ஆர்வலர்’ என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு நினைவுக்கு வருகிறது. ‘காலநிலைச் செயற்பாட்டாளர்’ போதும். காலின்ஸ் அகராதி 2019-இல் ஆண்டின் சொல்லாக எடுத்த ‘கிளைமேட் ஸ்ட்ரைக்’கைச் சில இதழ்கள் ‘காலநிலை வேலைநிறுத்தம்’ என்று எழுதுகின்றன. மாணவருக்கு ஏது வேலை? ‘காலநிலை வகுப்புப் புறக்கணிப்பு’ என்று எழுதிவிட்டு மேலே செல்லலாம்.

சிக்கல் இரண்டாவது எதிர்வினையில்தான் இருக்கிறது. மேட்டூர்க்காரர் இளைஞர்களை எள்ளவில்லை, காலநிலை மாற்றத்தை மறுக்கவும் இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு உலக அளவில் விடை தேடப்பட்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் முகப்புரையிலேயே தொழிலாளருக்கு நீதியான மாற்றம் என்ற கருத்து இடம்பெற்றுவிட்டது. 2018 டிசம்பரில் போலந்தின் நிலக்கரி நகரான கடோவிட்சேவில் காலநிலை மாநாடு கூடியபோது, இதற்கெனத் தனி அறிவிப்பே வெளியிடப்பட்டது. கிரெட்டா துன்பெர்க் பேசியதும் அதே மாநாட்டில்தான். கிளாஸ்கோவில் இறுதி நேரத்தில் இந்தியா வற்புறுத்தியதால் நிலக்கரி மின்சாரத்தைப் ‘படிப்படியாக ஒழித்தல்’ என்பது ‘படிப்படியாகக் குறைத்தல்’ ஆயிற்று; 2023-இல் துபாய் மாநாட்டில் புதைபடிவ எரிபொருள்களிலிருந்து ‘நீதியான, ஒழுங்கான, சமமான முறையில் விலகிச் செல்லுதல்’ என்ற தொடர் வந்தது. நாடுகள் ஒரு வினைச்சொல்லுக்காக இரவெல்லாம் விழித்திருக்கின்றன. நம் அட்டையில் ‘மூடு’ என்ற ஒற்றை வினையைத் தவிர வேறு இல்லை.

இனி முன்மொழிவுக்கு வருகிறேன். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ‘ஆற்றல் மாற்றம்’ என்பதை என்னால் ஏற்க முடியாது. நீரின் இயக்க ஆற்றல் மின்னாற்றலாவதைத்தான் எங்கள் மாணவர்கள் அந்தப் பெயரில் படிக்கிறார்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் நடப்பது அது. ‘நிலைமாற்றம்’ என்றால் பனிக்கட்டி நீராவது. ‘ஆற்றல் பெயர்ச்சி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த ராசிக்கு நல்லது என்று மறுநாளே கேட்பார்கள். ‘எரிசக்தி’ என்ற சொல் அரசுத் துறையின் பெயரிலேயே இருப்பதால் அதை விலக்க முடியாது என்பதை அறிவேன். என்றாலும் எதையும் எரிக்காத சூரியத் தகட்டுக்கும் காற்றாலைக்கும் ‘தூய எரிசக்தி’ என்று பெயர் வைப்பது முரண். ‘தூய ஆற்றல்’ என்பதே சரி. மாறுவது ஆற்றல் அன்று, அது வந்துசேரும் மூலம். எனவே ‘எனர்ஜி டிரான்சிஷன்’ என்பதற்கு ‘ஆற்றல்மூல மாற்றம்’ என்பதை முன்வைக்கிறேன். இதை எக்காரணம் கொண்டும் ‘மூலமாற்றம்’ என்று சுருக்க வேண்டாம். நம் ஊர்ச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்ற சிகிச்சை விளம்பரங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

‘ஜஸ்ட் டிரான்சிஷன்’ என்பதற்கு ‘நீதியான மாற்றம்’ என்பதே செய்திகளில் வருகிறது. பிழையில்லை; ஆனால் ‘நீதி’ என்றதும் நீதிமன்றப் படியும், ‘நியாயம்’ என்றதும் நியாய விலைக் கடையும் கண்முன் வருகின்றன. அம்மாப்பேட்டைத் தறிக் குடும்பத்தைச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர், பாவு பிணைப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரப்போகும்போது அதை உருவி எறிவதில்லை; பழைய இழைகளின் முனைகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஓர் இழை விட்டுப்போனாலும் சேலையில் அது கோடாகத் தெரியும். கருத்து இதைவிடத் தெளிவாக விளங்க வழியில்லை. ஆனால் ‘ஆற்றல் பிணைப்பு’ என்று சொல்லாக்கினால் அணுக்கருவின் பிணைப்பாற்றலோடு மோதும். ‘பிணை’ என்று நிறுத்தினால் ஜாமீன் ஆகிவிடும். விளக்கத்துக்கு அதை வைத்துக்கொண்டு, சொல்லுக்கு ‘கைவிடா மாற்றம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக அமைந்த இத்தகைய தொடர்கள் நமக்குப் புதியவை அல்ல. வாடா மலர், ஓயா உழைப்பு என்று அன்றாடம் எழுதுகிறோம். ‘கைவிடுதல்’ படிக்காதவருக்கும் தெரிந்த வினை. மேட்டூர்க்காரர் கேட்டதும் அதைப் பற்றித்தான்.

உங்கள் கருத்துகளை எதிர்நோக்கி,
சேலத்திலிருந்து ஓர் ஆசிரியர்

•

ஐயா, வணக்கம்.

‘ஆற்றல்மூல மாற்றம்’ எனக்கு முழு உடன்பாடு. ‘கைவிடா மாற்றம்’ குறித்து இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். நான் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பணிசெய்து ஓய்வுபெற்றவன்.

முதலாவது, இலக்கணத்தால் வரும் ஐயம். எதைக் கைவிடா மாற்றம்? நிலக்கரியைக் கைவிடாத மாற்றம் என்றும் இதைப் படிக்கலாம். மாற்றமே வேண்டாம் என்பவர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் பக்கத்துக்கு மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, எங்கள் ஊரின் நினைவு. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வந்துகொண்டிருந்த காலம் உண்டு. அந்த ஆலையில் உற்பத்தி நின்றபோது ‘மூடல்’ என்பதன் பொருளை ஊர் தெரிந்துகொண்டது: ஆலைக்குள் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது, சுமையேற்றியவர், லாரி ஓட்டியவர், வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் ஆகியோர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இப்போதைய அனல்மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றுமாக மொத்தம் 1,440 மெகாவாட். நிரந்தரப் பணியாளர்களை மின்வாரியம் வேறிடத்துக்கு மாற்றிவிடும். சாம்பல் அள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளியையும், அந்தச் சாம்பலை வாங்கிச் செங்கல் செய்பவரையும் யார் எங்கே மாற்றுவது? ஆகவே நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் அதன் விளக்கம் ‘பணியாளர்’ என்பதோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொன்று: அணை இருக்கிறதே, அனல் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அணையின் மின்சாரம் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் வரும். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டும், அதுவும் நீர்மட்டம் இருந்தால். இந்தக் கணக்கைச் சொல்லாமல் அவர்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு விருப்பமில்லை. என் பேரனும் அட்டை பிடிப்பவன்தான்.

அன்புடன்,
மேட்டூரிலிருந்து

•

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் மடலுக்குப் பிறகு இது குறித்து அட்டை பிடித்து நின்ற மாணவர்கள் இருவரிடம் பேசினேன். செயப்படுபொருளை முன்னே வைத்தால் ஐயம் தீர்ந்துவிடும்: ‘எவரையும் கைவிடா மாற்றம்’. ‘எவரையும்’ உயர்திணையாதலால் நிலக்கரி அதற்குள் நுழைய வழியில்லை. முதல் முறை வரும் இடத்தில் இதை முழுமையாக எழுதி, அதே கட்டுரையில் மீண்டும் வரும்போது ‘கைவிடா மாற்றம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘தொழிலாளரைக் கைவிடா’ என்று முதலில் நினைத்திருந்ததை நீங்கள் குறிப்பிட்ட சாப்பாட்டுக் கடைக்காரரும் செங்கல் செய்பவரும் தள்ளிவிட்டார்கள்.

மாணவர்களில் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். இப்படி மென்மையான சொல்லை வைத்தால், ஒன்றும் செய்யாமல் காலம் கடத்துவதற்கு அது போர்வையாகிவிடாதா என்றார். பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-இல் நிறுத்தியதையும், ஜெர்மனி பிந்திய கெடுவாக 2038-ஐச் சட்டத்திலேயே எழுதியதையும் எடுத்துக்காட்டி, கெடு இல்லாத மாற்றம் மாற்றமே இல்லை என்றார். அவர் சொல்வதில் வலு இருக்கிறது. ஆகவே விளக்கத்தில் கெடுவையும் சேர்த்துவிட்டேன். பட்டியலுக்கு நான் அனுப்பவிருக்கும் பதிவு இதுதான்:

எவரையும் கைவிடா மாற்றம்: ஆற்றல்மூல மாற்றத்தைக் குறித்த கெடுவுக்குள் நடத்தி முடிக்கும்போது, பழைய மூலத்தால் நேரடியாகவோ மறைமுகமாகவோ பிழைத்துவந்தவர்களுக்கு மாற்று வாழ்வாதாரமும் பயிற்சியும் இழப்பீடும் முன்கூட்டியே உறுதிசெய்யும் முறை.

‘முன்கூட்டியே’ என்ற சொல்லை யாரும் வெட்டிவிட வேண்டாம் என்று தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுருக்கம் கருதி வெட்டினால் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஐயா அவர்கள் தொழிற்சங்கச் சுற்றறிக்கைகளில் இதற்கு ஏற்கெனவே வழங்கும் தொடர் ஏதேனும் உண்டா என்று பார்த்துச் சொன்னால் நல்லது. இருந்தால் நம் சொல்லை விட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம். பசுமையில்ல வாயுக்களை வெளியிடும் அளவும் அகற்றும் அளவும் சமமாவதைக் குறிக்கும் ‘நெட் ஜீரோ’ என்பதற்கு ‘நிகரச் சுழியம்’, ‘நிகரப் பூச்சியம்’ என்று இரண்டும் வந்திருக்கின்றன. இந்தியா அதற்குக் குறித்திருக்கும் ஆண்டு 2070 என்பதால் சற்று நேரம் இருக்கிறது, அதைத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து