கானமயிலின் குலார் பவுச்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

கானமயில் என்னும் பெரிய புல்வெளிப் பறவையை (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) அடையாளம் காண்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் சொல்லுக்குத் தட்டுப்பாடு இல்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், கருப்பு உச்சந்தலை, வெளிறிய நீண்ட கழுத்து, பழுப்பு முதுகு. ஆணுக்கு மார்பின் குறுக்கே கரும்பட்டை உண்டு. பெண் நன்றாகவே சிறியது. பட்டை விட்டுவிட்டுத் தெரியும், அல்லது இருக்கவே இருக்காது. குளிர்காலத்தில் ஜெய்சல்மேர் பக்கம் வரும் ஹௌபாரா என்ற உறவுப் பறவையோடு குழம்ப வேண்டாம்: அதன் கழுத்தின் இருபக்கமும் கருங்கோடு இறங்கும்.

சிக்கல் ஆண் பறவையின் குலார் பவுச்சில்தான், அதாவது தொண்டைப் பகுதியில் உள்ள பையில். இணைசேரும் பருவத்தில் அது காற்றால் உப்பி, முன்புறம் வெள்ளையாகத் தாழத் தொங்கும். வாலை முதுகின்மேல் மடக்கி, இறக்கைகளைத் தாழவிட்டு நிற்கும் அந்தக் கோலத்தில் பறவையின் உருவமே மாறிவிடும். 'ஹூம்' என்ற அடித்தொண்டை முழக்கமும் அப்போதுதான். இதற்குக் 'கழுத்துப்பை' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

*

> இதற்குக் 'கழுத்துப்பை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஐயா, கழுத்துப்பை என்றால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பை என்றுதான் முதலில் தோன்றும். 'குரல்பை' பொருந்தும், ஆனால் அதைத் தவளைக்குக் கொடுத்துவிட்டோம். என் ஓட்டு 'தொண்டைப்பை'. விளக்கமே வேண்டாம், படித்தவுடன் புரியும்.

*

தொண்டைப்பை எளிது, சரி. ஆனால் கூழைக்கடாவை (பெலிக்கன்) என்ன செய்வது? அதன் அலகுக்கடியில் தொங்கும் தோலுக்கும் ஆங்கிலத்தில் குலார் பவுச்தான். அது மீனை அள்ளும் வலை. கானமயிலுடையது காற்றடைத்து முழங்கும் உறுப்பு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டுமா? கூழைக்கடாவுக்கு 'அலகுப்பை' போதும், பையை அலகுதானே தாங்குகிறது.

கானமயிலுக்கு 'மிடற்றுப்பை' என்கிறேன். மிடறு என்றால் தொண்டை மட்டுமல்ல. வாய்ப்பாட்டை மிடற்றுப்பாடல் என்று சொன்ன மரபு நம்முடையது. இடமும் ஒலியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. தொண்டைக்கு அந்த வசதி இல்லை, அது வலிக்கத்தான் தெரியும்!

*

> தொண்டைக்கு அந்த வசதி இல்லை

இன்று மிடறு என்றால் 'ஒரு மிடறு தண்ணீர்' மட்டுமே பலருக்கு நினைவு வரும். புல்வெளியில் பைனாகுலரோடு நிற்பவருக்கு அகராதி தேட நேரம் ஏது?

*

நேரம் இருக்காதுதான். ஆனால் களத்தில் அவர் முதலில் பார்ப்பது மார்புப்பட்டையை. பை உப்புவது இணைசேரும் பருவத்தில் மட்டும், அதுவும் ஆணுக்கு. சொல்லை அவர் வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போதுதான் சந்திப்பார். அதனால் புதிய சொல்லைத் துணிந்து வைக்கலாம், முதல் இடத்தில் மட்டும் ஒரு விளக்கத்தோடு. 'தொண்டைப்பை'க்கு ஓட்டளித்த அம்மையார் சொன்ன தொண்டை அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

மிடற்றுப்பை: ஆண் கானமயிலின் தொண்டைப் பகுதியில் உள்ள, இணைசேரும் பருவத்தில் காற்றால் உப்பித் தொங்கும் பை.

கூழைக்கடாவின் 'அலகுப்பை' தனிப்பதிவு. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். அப்புறம், கானமயிலுக்குப் பின்விரல் கிடையாது, மூன்று முன்விரல்தான். கிளையைப் பற்றி அமர முடியாததும் அதனால்தான். அந்தக் கால் அமைப்புக்கும் ஒரு சொல் வேண்டும்.