மிஸ்ட்ரால் ரெகுலேட்டர்: டக்பில் மாற்றியது ஒரிஜினலா?

பித்தளைப்பித்தன்:
விற்பனைப் பகுதியில் கிராண்ட் பே தம்பி ஒரு படம் போட்டிருக்கிறார். பிரெஞ்சு லா ஸ்பீரோதெக்னிக் கம்பெனியின் மிஸ்ட்ரால், கடலுக்குள் மூழ்குபவர் சிலிண்டர் காற்றை மூச்சிழுக்க உதவும் இரட்டைக் குழாய் ரெகுலேட்டர். கீழே இப்படி எழுதியிருக்கிறார்: "1955 மாடல், நூறு சதம் ஒரிஜினல், தண்ணீரில் இறங்கத் தயார்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திறந்து வைத்த ரெகுலேட்டர் பெட்டிக்குள் டக்பில், அதாவது விட்ட மூச்சை வெளியேற்றும் வாத்து அலகு வால்வு, பால்வெள்ளையாகத் தெரிகிறது. அது சிலிக்கோன். அந்தக் காலத்துக் கறுப்பு ரப்பர் எங்கே போனது? டக்பில் ஒரிஜினலா இல்லையா, ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

கிராண்ட் பே தம்பி:
வணக்கம் அண்ணே. பெட்டி, லிவர், சீட், சிலிண்டரில் மாட்டும் யோக், பெயர்த்தகடு எல்லாம் கம்பெனி போட்டதுதான். பழைய டக்பில்லைத் தொட்டதும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக வந்தது. நீரழுத்தத்தில் லிவரை அழுத்தும் ரப்பர் சவ்வு, டயஃப்ரமும் விறைத்துப்போய் வெடித்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். அதை வைத்துக்கொண்டா கடலுக்குள் போகச் சொல்கிறீர்கள்? டயரை மாற்றினால் கார் வேறு காராகிவிடுமா?

பித்தளைப்பித்தன்:
ஓ, டயஃப்ரமும் மாற்றியாச்சா! கேட்டால்தான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. நான் கேட்டது காரைப் பற்றி இல்லை தம்பி. டக்பில் ஒரிஜினலா?

இரட்டைக்குழாய்:
பித்தன் ஐயா, ரப்பர் சாமான் காலத்துக்கு ஏற்றபடி மாற்றுவதற்கென்றே செய்தது. ஆனால் டக்பில்லை லேசாக நினைக்க வேண்டாம். 1943 ஜனவரியில் பிரெஞ்சு கடல் ஆய்வாளர் கூஸ்தோ மார்ன் நதியில் முதல் கருவியைச் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழாகப் போனால் இழுக்கவே முடியவில்லை. படுத்து நீந்தினால் மட்டும் ஒழுங்காக வந்தது. காரணம், மூச்சு வெளியேறும் இடமும் காற்று வரும் இடமும் ஒரே ஆழத்தில் இல்லை. நிமிர்ந்தால் நீரழுத்தம் இரண்டுக்கும் வேறுபடும், கருவி குழம்பிவிடும். கூட வேலை செய்த பொறியாளர் எமில் கன்யான் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார், கோளாறு தீர்ந்தது. மிஸ்ட்ராலில் டக்பில் டயஃப்ரத்தை ஒட்டியே பெட்டிக்குள் இருப்பது அதனால்தான். அது ரப்பரா சிலிக்கோனா என்பதைவிட சரியான இடத்தில், கசியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, சிலிக்கோன் பாகத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவாதீர்கள், ஊதிப்போகும்.

பித்தளைப்பித்தன்:
நதி, கன்யான் எல்லாம் எங்களுக்கும் தெரியும். போரில் பெட்ரோல் கிடைக்காமல் கேஸில் ஓடிய கார்களுக்கு அவர் செய்த வால்வைத்தான் இதற்கு மாற்றினார் என்பதும் தெரியும். அதற்கு 80 வருடம் முன்பே ரூக்கேரோல், தெனேய்ரூஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதுபோன்ற கருவியைச் செய்ததும் தெரியும். பாடம் கேட்கவில்லை. நூறு சதம் என்று போட்டால் நூறு சதம் இருக்க வேண்டும். இங்கே இல்லை.

போர்லூயி அக்கா:
ஒரிஜினல் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், தம்பி எதைச் சொல்கிறார் என்று யாராவது முதலில் பேசி முடித்தால் நல்லது. எனக்கு வேறு கவலை. தம்பி இதோடு மூழ்கிய கப்பல் ஸ்டெல்லா மாருவுக்கு இறங்கப்போவதாக எழுதியிருக்கிறார். அந்தக் கப்பல் இருபது மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. மிஸ்ட்ராலில் காற்று மீட்டர் மாட்ட இடமில்லை, உதவி மவுத்பீஸுக்கும் இல்லை. மவுத்பீஸ் வாயிலிருந்து நழுவி தலைக்கு மேல் போனால் காற்று தானாகக் கொட்டும். பிடித்து வாயில் வைத்து இடப்பக்கம் புரண்டு ஊதினால்தான் தண்ணீர் வெளிக்குழாய் வழியாகப் போகும். இதையெல்லாம் குளத்தில் பழகாமல் கடலுக்குப் போகாதே.

கிராண்ட் பே தம்பி:
த்ரூ ஓ பிஷில் கரையோரமாகப் பழகியிருக்கிறேன் அக்கா. கூட ஆள் இருப்பார், அவரிடம் மீட்டரும் உதவி மவுத்பீஸும் இருக்கும்.

பித்தளைப்பித்தன்:
பழகுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தில் யோக் கிட்டே இளஞ்சிவப்பாக ஒரு திட்டு இருக்கிறதே, அது என்ன? வினிகரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்திருக்கிறார்! பித்தளையில் துத்தநாகத்தை அரித்துவிட்டால் செம்பு மட்டும் மிஞ்சும், அந்த நிறம்தான் அது. கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் கையை ரெகுலேட்டர் மேல் வைக்கக் கூடாது.

கிராண்ட் பே தம்பி:
வினிகரும் தண்ணீரும் சரிபாதி, பச்சைக் களிம்பு விட்டதும் எடுத்து நல்ல தண்ணீரில் அலசினேன். புளியைத் தொடவே இல்லை. அந்தத் திட்டு முதலிலேயே இருந்தது. முன்பு வைத்திருந்தவர் தேய்த்ததில் குரோம் போயிருக்கிறது. மறுபடி குரோம் போடாமல் விட்டதும் ஒரிஜினலாக இருக்கட்டும் என்றுதான்.

பித்தளைப்பித்தன்:
குரோம் போனது ஒரிஜினலாம், டக்பில் புதிதானதும் ஒரிஜினலாம்! 1955 என்பது மிஸ்ட்ரால் கடைக்கு வந்த ஆண்டு. உங்கள் கையில் இருப்பது அந்த வருடம் செய்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சீரியல் நம்பரை ஏன் படத்தில் காட்டவில்லை?

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் மச்சான்:
2005-இல் இதே பெயரில் அக்வாலங் கம்பெனி ஒரு ரெகுலேட்டரைத் திரும்ப விட்டார்களே, அதுவாக இருக்குமோ? சும்மா கேட்டேன், அடிக்க வராதீர்கள்.

பித்தளைப்பித்தன்:
அதுகூடத் தெரியாமல் இங்கே எழுத வந்துவிட்டீர்கள். பெட்டியைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும்.

இரட்டைக்குழாய்:
ஏன் இப்படி எரிந்து விழுகிறீர்கள் ஐயா? போன காவடி விடுமுறையில் நீங்கள் விற்ற ராயல் அக்வா-மாஸ்டர் ரெகுலேட்டரில் குழாய் இரண்டும் புதிதுதான். அதற்கும் "ஒரிஜினல்" என்றுதான் போட்டீர்கள். யாரும் கேட்கவில்லை.

பித்தளைப்பித்தன்:
குழாய் வெளியே தெரிவது, வாங்குகிறவர் கண்ணால் பார்க்கலாம். டக்பில் உள்ளே இருப்பது. இரண்டும் ஒன்றா? அப்புறம் அதைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன அருகதை, என் பாட்டுக்கு இருந்தவனை இழுக்காதீர்கள். பதில் சொல்ல வேண்டியது தம்பி.

கிராண்ட் பே தம்பி:
பதில் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். இன்னும் எத்தனை முறை?

பித்தளைப்பித்தன்:
விளம்பரத்தில் சொல்லவில்லையே.

போர்லூயி அக்கா:
விளம்பரத்தில் "டக்பில், டயஃப்ரம் புதிது" என்று ஒரு வரி சேர்த்துவிடு தம்பி. எல்லோரும் தூங்கப் போகலாம்.

கிராண்ட் பே தம்பி:
கேட்டவிதம் சரியாக இருந்தால் சேர்த்திருப்பேன் அக்கா. இப்போது சேர்க்க மாட்டேன்.

இரட்டைக்குழாய்:
அது கிடக்கட்டும். பித்தன் ஐயா, பாகங்களைச் சுத்தம் செய்யும் என் அல்ட்ராசோனிக் தொட்டி இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தரும்போது மூடியும் சேர்த்துத் தாருங்கள்.

பித்தளைப்பித்தன்:
மூடி வரும்போதே இல்லை. வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்திருக்கிறேன், இங்கேயே போடட்டுமா?

இரட்டைக்குழாய்:
போடுங்கள். தேதியோடு போடுங்கள்.