லேப்டாப் பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா? ஆத்தங்குடி கல் பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

ஆத்தங்குடி:
வணக்கம். வீட்டிலேயே தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறோம். தரையில் எந்தப் பூ, எந்த நிறம், ஓரத்துக்கு என்ன பார்டர் என்று பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் போட்டு வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. லேப்டாப் 2018-ல் வாங்கியது, இன்டெல் ஐ5-8250யூ, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. முன்பு ஒரு ஹால் படம் 25 நிமிடத்தில் ரெண்டர் ஆகிவிடும், அதாவது கணக்குப் போட்டு முழுப் படமாக வந்துவிடும், இப்போது 40-ஐத் தாண்டுகிறது. பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள், முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு மூன்றுக்கும் தனித்தனியாகப் படம் கேட்கிறார்கள், கையில் இருப்பது நான்கு நாள். லேப்டாப் தொடங்கும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் தேடிப் பார்த்துவிட்டேன், பிராசசரை அதன் உச்ச வேகத்துக்கும் மேல் ஓட்டும் ஓவர்கிளாக் என்று எதுவும் இல்லை. வேறு வழி உண்டா? செய்தால் பலன் இருக்குமா?

காரைக்குடி, சர்வீஸ் கடை:
தம்பி, அந்தச் சிப்பில் முடியாது. 100 மெகாஹெர்ட்ஸை ஒரு எண்ணால் பெருக்கித்தான் பிராசசருக்கு வேகம் வருகிறது, உங்களுடையதில் அந்த எண் 34-க்கு மேல் போகாமல் இன்டெல்லே பூட்டி அனுப்பிவிட்டது, அதாவது உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ். லேப்டாப்பில் பூட்டில்லாமல் வந்தவை மிகக் குறைவு, அந்தக் காலத்தில் பெயர் எச்கே என்று முடியும். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. அந்த 3.4 உங்களுக்கு வருகிறதா? அது 15 வாட் சிப், நான்கு கோரும் சேர்ந்து ஓடும்போது கொஞ்ச நேரம்தான் மேலே நிற்கும், அப்புறம் 15 வாட்டுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு இறங்கிவிடும். 100 டிகிரியை நெருங்கினால் இன்னும் கீழே போகும். அடிப்படை வேகமே 1.6 தான். ரெண்டர் ஓடும்போது வேகமும் சூடும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, பத்தாவது நிமிடத்தில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதுங்கள். லேப்டாப் இருப்பது பட்டறையிலா, வீட்டுக்குள்ளா?

தேவகோட்டை:
என்னிடம் பூட்டில்லாத ஐ7-7820எச்கே இருந்தது, நான் செய்தே பார்த்தேன். 3.9-லிருந்து 4.2-க்கு ஏற்றினேன், பத்து நிமிட ரெண்டர் ஒன்பதேகால் நிமிடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அந்த முக்கால் நிமிடத்துக்காக விசிறி வீட்டையே எழுப்பும், கீபோர்டில் விரல் வைக்க முடியாது, சித்திரை வெயிலில் மதியம் போட்டால் பாதியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்தை ஏற்றினால் வோல்டேஜையும் ஏற்ற வேண்டும், மின்சாரச் செலவோ வோல்டேஜின் வர்க்கத்தில் கூடும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். டெஸ்க்டாப் என்றால் பெரிய கூலர் போட்டுச் சமாளிக்கலாம், லேப்டாப்பில் விரல் தடிமனுக்கு ஒரு செம்புக் குழாயும் ஒரு சின்ன விசிறியும்தான் இருக்கின்றன. ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே மாற்றிவிட்டேன்.

ஆத்தங்குடி:
அண்ணே, பார்த்துவிட்டேன். தொடக்கத்தில் 3.2, ஒரு நிமிடத்துக்குள் 2-க்குக் கீழே, பத்தாவது நிமிடத்தில் 1.4, சூடு 97. லேப்டாப் பட்டறையில்தான், சிமெண்டும் மணலும் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசை.

காரைக்குடி, சர்வீஸ் கடை:
அடிப்படை வேகத்துக்கும் கீழே போயிருக்கிறது, காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், பட்டறைத் தூசி. அடி மூடியைக் கழற்றி முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விட்டு ஊதினால் பேரிங் போய்விடும். ஈரத் துணி மட்டும் வேண்டாம், சிமெண்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாக வையுங்கள், இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும்.

கானாடுகாத்தான்:
கூடவே இரண்டு விஷயம். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் பிராசசரின் வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்க முடிந்தால், அதே 15 வாட்டில் கூடுதல் வேகம் கிடைக்கும். ஒரேயடியாக இறக்காமல் பத்துப் பத்து மில்லிவோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு ரெண்டர் போட்டுப் பாருங்கள், லேப்டாப் உறைந்து நின்றால் ஒரு படி மேலே வந்துவிடுங்கள். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த பயாஸ் அப்டேட்கள் பலவற்றில் இந்த வழியை அடைத்துவிட்டார்கள், அடைத்திருந்தால் விட்டுவிடுங்கள், அதற்காகப் பழைய பயாஸைத் தேடிப் போடாதீர்கள். இரண்டாவது, பிளெண்டர் 2.81-லிருந்தே இன்டெல்லின் டீநாய்சர், அதாவது படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான கறையை நீக்கும் வசதி, உள்ளேயே வருகிறது. சாம்பிளை, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை முறை கணக்குப் போடுகிறது என்ற எண்ணை, கால்வாசியாக்கி டீநாய்சரைப் போடுங்கள், நேரமும் ஏறக்குறைய கால்வாசிதான் ஆகும். பூவின் மெல்லிய கோடு மழுங்குகிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆத்தங்குடி:
நேற்று இரவு பிரித்தேன். விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கம்பளித் துணி போல. இடுக்கியால் இழுத்ததும் முழுசாக ஒரே துண்டாக வந்தது, ஓரத்தில் எங்கள் சிவப்புக் கலர்ப் பொடிகூட ஒட்டியிருந்தது. பேஸ்ட் உதிர்ந்துபோயிருந்தது, மாற்றினேன். இப்போது பத்தாவது நிமிடத்திலும் 2.3 நிற்கிறது, சூடு 78, அதே படம் 26 நிமிடம். வோல்டேஜ் மாற்றும் இடம் அடைபட்டிருக்கிறது, விட்டுவிட்டேன். டீநாய்சர் போட்டு சாம்பிளைப் பாதியாக்கினேன், கால்வாசியாக்கினால் பூவின் வெள்ளைக் கோடு கரைகிறது. 14 நிமிடத்தில் வளவுப் படம் கிடைத்துவிட்டது, பள்ளத்தூருக்கு அனுப்பியாயிற்று. லேப்டாப்பை வீட்டு முகப்புக்கு மாற்றிவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணே.