பின்மொட்டா, உள்துளிரா?

வணக்கம். போன்சாய்க்கு, அதாவது தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரங்களுக்கு, நாம் தொகுக்கும் சொற்குறிப்பில் 'பேக் பட்டிங்' (back budding) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "பின்மொட்டு விடல்" என்றே வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் புரியும்.

எனக்குப் புரியவில்லை ஐயா, அதுதான் சிக்கல். இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சீன எல்ம் மரம் தொட்டியில் நிற்கிறது. "பின்மொட்டு" என்று படித்ததும் முதலில் பிந்தி வந்த மொட்டு என்று நினைத்தேன். மறுபடி படித்தபோது மரத்தின் முதுகுப்பக்கத்து மொட்டோ என்று பட்டது. நாம் சொல்ல வந்தது இரண்டும் இல்லை. கிளை நுனியை வெட்டினால், நுனியரும்பு அதுவரை அடக்கி வைத்திருந்த அரும்புகள், தண்டை ஒட்டிய பழைய கட்டைப் பகுதியில்கூட, விழித்துக்கொண்டு துளிர்க்கின்றனவே, அதைத்தான் சொல்கிறோம். ஆங்கிலக்காரன் 'பேக்' என்றதற்காக நாமும் 'பின்' போட வேண்டுமா?

இதற்குச் சொல் தேட எல்ம்தான் சரியான மரம், அவ்வளவு தாராளமாகத் துளிர்க்கும். நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டே இருந்தேன்; வெளியே குடை மாதிரி அடர்ந்து, உள்ளே வெறும் குச்சி. வெயில் புகாத இடத்தில் எப்படித் துளிர் வரும்? இப்போது ஒரு தளிரில் 6, 7 இலை வரும்வரை விட்டுவிட்டு, பிறகு 2 இலை நிற்கும்படி வெட்டுகிறேன். அன்றைக்கு அது தெரியாது, ஒரு மாசியில் துணிந்து பாதிக்கு மேல் வெட்டித் தள்ளினேன்.

அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். தேயிலை மலையில் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அவருடையது. "வேர்ல சத்து இருக்கான்னு பார்த்தியா?" என்றார். கவ்வாத்துக்கு முன்னால் தோட்டத்தில் வேர்த்துண்டை நறுக்கி அயடீன் தடவிப் பார்ப்பார்கள், கருநீலமானால் மாப்பொருள் சேர்ந்திருக்கிறது, வெட்டலாம் என்று அர்த்தம். எல்முக்கும் அதே கணக்குத்தான், மெலிந்த மரத்தை ஒட்ட வெட்டினால் கிளைதான் காயும். நல்லவேளை என் மரம் தெம்பாக இருந்தது. சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டுக் காட்டினார்: "உள்ளுக்குள்ள துளிர் விட்டிருக்கு பாரு."

உள்துளிர். என் முன்மொழிவு இதுதான். வினையாக்கினால் உள்துளிர்த்தல்.

> "மறுதாம்பு" என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

அது அறுத்த அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளம்புவது, கரும்புக்கும் நெல்லுக்கும் சொல்வது. இங்கே கிளை உயிரோடு நிற்கிறது.

> "கவ்வாத்துத் துளிர்" மலையகச் சொல், அழகாகவும் இருக்கிறது.

எனக்கும் ஆசைதான் அக்கா. ஆனால் பெரிதாக வெட்டாமல், அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்து வெளிச்சம் விட்டாலே எல்ம் உள்ளே துளிர்க்கிறது. அதைக் கவ்வாத்து என்றால் அப்பா மறுபடி சிரிப்பார்.

மொட்டா அரும்பா என்ற பழைய சண்டையையும் 'துளிர்' தவிர்த்துவிடுகிறது. இலைக் கக்கத்தில் வருவதற்கு இலங்கையில் எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கக்கவரும்பு, தமிழ்நாட்டில் கோணமொட்டு. துளிர் இரு கரைக்கும் பொது. புணர்ச்சி பார்ப்பவர்கள் "உட்டுளிர்" என்று எழுதச் சொல்வீர்கள், தெரியும். இலக்கணம் சரி, படிப்பவருக்குத்தான் ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருக்கும். சேர்க்காமல் விட்டுவிடுவோம்.

மரத்தின் பெயரை எல்ம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆயா மரம் அதே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு, வறண்ட காட்டில் நெடுநெடுவென்று வளர்வது. அந்தப் பெயரைத் தூக்கி இதற்குக் கொடுத்தால் சவுக்குக் கதையாகிவிடும்: தோட்டத்தில் சவுக்கு என்றால் தேயிலைக்கு நிழல் தரும் கிரவீலியா, தமிழ்நாட்டில் அது வேறு மரம்.

ஐப்பசி மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் எந்தத் துளிரும் வராது, வேர் அழுகிவிடும், அதையும் குறிப்பில் சேருங்கள்.

அடுத்த சொல் 'உறங்குநிலை', மரம் வளராமல் ஓய்ந்திருக்கும் நிலை. குளிர் கூடினால் சீன எல்ம் இலை கொட்டிவிட்டு நிற்கும், கொஞ்சம் சூடான இடத்தில் பாதிப் பச்சையாகவே இருக்கும். தேயிலையில் வளர்ச்சி நின்றுபோன கொழுந்தை வங்கி என்கிறோம், அதை இங்கே இழுக்கலாமா என்று ஒரு யோசனை. காசு போடும் வங்கியோடு மோதும், அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.